பேரைக் காப்பாத்துங்க பாஸ்!



எக்ஸாம் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி முடிஞ்சு, 'வித் ஃபைன்' தேதியும் முடிஞ்சு, ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னாடி திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்ன அனுபவம் இருக்கா? எனக்கு இருக்கு. தேர்டு செமஸ்டர்ல நின்னேன். அன்னிக்கு ஆபீஸ் கிளார்க் அண்ணன் கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை... 'தேதி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கெல்லாம் எதுக்கு இன்ஜினீயரிங்?'னு கேட்காம கேட்ட பார்வை அது.

அதே முழியை 2025 மே மாசம் எங்க பெரியப்பா முகத்துல பார்த்தேன். அவர் கட்டாம விட்டது எக்ஸாம் ஃபீஸ் இல்லை. இருபத்தஞ்சு வருஷமா சம்பாதிச்ச பேருக்கான ஃபீஸ்!

கொசுவத்திச் சுருளை லேசா சுத்திவிடுங்க...

அப்பத்தா பேரும் அம்மிக்கல்லும்

பெரியப்பாவுக்கு எங்க ஊர்ல ஒரு சின்ன பொடி கம்பெனி. சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி. வேலைக்கு ஆறு பேர். ஓடுறதுக்கு ஒரு டி.வி.எஸ். எக்ஸெல், ஒரு மினி வேன். பாக்கெட் மேல எங்க அப்பத்தா பேர், பக்கத்துல ஒரு அம்மிக்கல் படம். அந்தப் படத்தைப் பெரியப்பாவே பால்பாயின்ட் பேனாவில் வரைஞ்சாராம். பார்த்தா அம்மி மாதிரியும் இருக்கும், கொஞ்சம் முதலை மாதிரியும் இருக்கும். ஆனா சுத்துப்பட்டு மளிகைக் கடையில எல்லாம் 'அந்த அம்மிக்கல் பொடி குடுங்க'ன்னுதான் கேட்பாங்க.

2014-ல யாரோ சொல்லி, ஒரு ஏஜென்ட்டைப் பிடிச்சு அந்தப் பேரையும் படத்தையும் டிரேட்மார்க்கா பதிவு செய்ய விண்ணப்பம் போட்டார். 2017-ல சர்டிபிகேட் வந்தது. லேமினேட் பண்ணி, ஃப்ரேம் போட்டு, கல்லாவுக்கு மேல முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டார். வெள்ளிக்கிழமை ஆனா முருகனுக்கு ஒரு மாலை, சர்டிபிகேட்டுக்கு ஒரு மாலை!

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. 2025 ஏப்ரல்ல, பக்கத்து டவுன் கடையில ஒரு புதுப் பாக்கெட் தொங்குச்சு. அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே அம்மி (இது கொஞ்சம் அழகா இருந்துச்சு, அதுதான் கடுப்பே!). பேர்ல மட்டும் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது.

பெரியப்பா பதறவே இல்லை. "நம்மகிட்ட சர்டிபிகேட் இருக்கு பாப்பா. வக்கீல்கிட்ட அனுப்பணும். ஒரு போட்டோ எடுத்து பி.டி.எஃப். பண்ணிக் குடு"ன்னார்.

எனக்கு அந்த செமஸ்டர்ல அறிவுசார் சொத்துரிமை பேப்பர் எலக்டிவ். 'மார்க் நல்லா போடுவாங்க'ன்னு சீனியர் சொன்னதால எடுத்தது. கிளாஸ்ல அரைத் தூக்கத்துல கேட்டது ஞாபகம் வந்து, சும்மா ஒரு கெத்துக்காக சர்டிபிகேட் நம்பரை டிரேட்மார்க் பதிவேட்டோட இணையப் பக்கத்துல தட்டினேன். பேர் வந்தது. அம்மி வந்தது. அதுக்குக் கீழே 'எதுவரை செல்லும்' என்ற இடத்துல வந்த தேதி, 14 ஜூலை 2024.

பத்து மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோயிருக்கு!

"பெரியப்பா... நம்ம டிரேட்மார்க் போன வருஷமே காலாவதி."

"போ பாப்பா, சர்டிபிகேட் வந்ததே 2017-ல. பத்து வருஷம்னா 2027 வரைக்கும் ஓடும்ல? கணக்கு நீ சரியா பாரு."

கணக்கு நான் சரியாத்தான் பார்த்தேன். இடறின இடமே அதுதான்.

கணக்கு எங்கே உதைச்சது?

இந்தியாவில் டிரேட்மார்க் பதிவுக்கு ஆயுள் பத்து வருஷம். ஆனால் அந்தப் பத்து வருஷம் சர்டிபிகேட் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடாது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஓடும். பரிசோதனை, ஜர்னலில் வெளியிடுதல், யாராவது ஆட்சேபம் சொல்ல நாலு மாச அவகாசம் என எல்லாம் முடிஞ்சு சர்டிபிகேட் வர்றதுக்கு சில சமயம் வருஷக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பும் பத்து வருஷத்துக்குள்ளேதான் அடக்கம். பெரியப்பாவுக்குக் கையில் சர்டிபிகேட் வந்தபோதே மூணு வருஷம் கரைஞ்சிருந்தது.

1958-ம் வருஷத்துப் பழைய சட்டத்தில் இது ஏழு வருஷமாக இருந்தது. 1999-ல் நிறைவேறிய டிரேட்மார்க் சட்டம் 2003 செப்டம்பர் 15-ல் அமலுக்கு வந்தபோதுதான் பத்தாக மாறியது.

இதுல செம காமெடி என்ன தெரியுமா? 'மேலே முதலில் குறிப்பிட்ட தேதியிலிருந்து பத்து ஆண்டுகள், அதன்பின் ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் புதுப்பித்துக்கொள்ளலாம்' என்ற விஷயம் சர்டிபிகேட்டிலேயே அச்சடிச்சிருக்கு. கீழ்ப் பக்கமா, பொடி எழுத்தில்! ஃப்ரேமைக் கழட்டிப் பார்த்தோம். அந்த வரி இருந்த இடத்தைத்தான் எட்டு வருஷமா வெள்ளிக்கிழமை மாலை மறைச்சுக்கிட்டிருந்திருக்கு.

பெரியப்பா மாலையைக் கையில் வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசலை.

போலி வந்தது... அசல் வரலை!

"சரி பாப்பா, கவர்மென்ட் ஒரு லெட்டர் போட்டிருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பதிவுக் காலம் முடியறதுக்கு முந்தின ஆறு மாசத்துக்குள்ள பதிவாளர் ஒரு நோட்டீஸ் அனுப்பணும் என்பது விதி. இது சும்மா சம்பிரதாயம் இல்லை. சிப்லா மருந்து கம்பெனி தொடுத்த வழக்கில் 2013-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், அந்த நோட்டீஸ் அனுப்பாமல் ஒரு டிரேட்மார்க்கைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது செல்லாது என்று சொல்லியிருக்கு.

ஆனால் நோட்டீஸ் எங்கே போகும்? பதிவேட்டில் எந்த முகவரி இருக்கோ அங்கேதான் போகும். எங்க கேஸ்ல அது ஏஜென்ட்டோட முகவரி. அவர் எப்பவோ கடையைக் கட்டிட்டு வேற ஊருக்குப் போயிட்டார். பெரியப்பாவும் 2019-ல் கடையைப் புது இடத்துக்கு மாத்திட்டார். ரெண்டு மாற்றத்தையும் பதிவேட்டில் திருத்தணும்னு யாருக்கும் தோணலை. கேஸ் கனெக்‌ஷனுக்கு முகவரி மாத்தினோம், ரேஷன் கார்டுக்கு மாத்தினோம், பொடிக்கு மாத்தலை!

இதுல இன்னொரு கூத்தும் நடந்திருக்கு. 2024 தொடக்கத்திலேயே கடைக்கு ரெண்டு லெட்டர் வந்துச்சாம். ஏதோ வாயில நுழையாத ஒரு பேர்ல, அரசாங்கக் கடிதம் மாதிரியே முத்திரை எல்லாம் போட்டு, 'உங்க டிரேட்மார்க்கைப் புதுப்பிக்க உடனே பணம் அனுப்புங்க'ன்னு. ரேட்டைப் பார்த்தா அசல் கட்டணத்தைப் போல நாலு மடங்கு. 'இது டுபாக்கூர்'னு பெரியப்பா கிழிச்சுப் போட்டுட்டார். அவர் சந்தேகப்பட்டது நூத்துக்கு நூறு சரி. டிரேட்மார்க் பதிவேடு யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். உங்க பேர், தேதி எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து இப்படி லெட்டர் அனுப்பறதையே தொழிலா வெச்சிருக்கிற ஆட்கள் உலகம் பூராவும் இருக்காங்க. ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பே இந்த மாதிரிக் கடிதங்களைப் பத்தி எச்சரிக்கை கொடுக்குது.

ஆக, போலி கரெக்டா கடைக்கு வந்து சேர்ந்தது. அசல் எங்கேயோ பூட்டின கதவுக்கு அடியில் கிடந்திருக்கு. 'டுபாக்கூர் லெட்டர்'னு கிழிச்சப்போ, 'ஆமா, நம்ம தேதி எப்போ முடியுது?'ன்னு மட்டும் ஒரு தடவை பார்த்திருந்தா போதும்.

ஃபீஸ், வித் ஃபைன், கடைசி சான்ஸ்

அடுத்து வக்கீல் ஆபீஸ். நான்தான் கூடப் போனேன். வக்கீல் மேடம் பொறுமையா விளக்கினாங்க. கேட்கக் கேட்க, 'அட, இது நம்ம எக்ஸாம் ஃபீஸ் சர்க்குலர் மாதிரியே இருக்கே'ன்னு தோணுச்சு. உங்களுக்கும் அப்படியே சொல்றேன்.

ரெகுலர் ஃபீஸ்: பத்து வருஷம் முடியறதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள் எப்ப வேணும்னாலும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். படிவத்தின் பேர் டி.எம்.-ஆர். 2017 விதிகளின்படி ஆன்லைனில் கட்டினா 9,000 ரூபாய், நேரில் காகிதத்தில் கொடுத்தா 10,000 ரூபாய். இது ஒரு வகுப்புக்கு.

வகுப்புன்னா? பொருட்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்பா பிரிச்சிருக்காங்க. மசாலாப் பொடி 30-வது வகுப்பு, டி-ஷர்ட் 25, ஓட்டல் 43. நீங்க ரெண்டு வகுப்பில் பதிவு செஞ்சிருந்தா ஃபீஸும் டபுள்.

வித் ஃபைன்: தேதி முடிஞ்சுபோச்சா? அடுத்த ஆறு மாசத்துக்குள் கட்டலாம். 9,000-த்தோட கூடுதலா 4,500 அபராதம். ஆக 13,500.

கடைசி சான்ஸ்: அந்த ஆறு மாசமும் தாண்டினா பேரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிடலாம். அப்பவும் ஒரு வாசல் திறந்திருக்கும். காலாவதியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள், ஆறு மாசம் தாண்டிய பிறகு, 'என் பேரைத் திரும்பச் சேர்த்துக்குங்க'ன்னு மனு போடலாம். அதுக்குத் தனியா 9,000, புதுப்பிக்க 9,000. மொத்தம் 18,000. இதெல்லாம் ஆன்லைன் கணக்கு. வக்கீல் ஃபீஸ் தனி.

ஆனா இந்தக் கடைசி வாசல் ஆட்டோமேட்டிக்கா திறக்காது. 'சேர்த்துக்கொள்வது நியாயம்தான்' என்று பதிவாளருக்குத் தோணணும். நடுவில் வேற யாருடைய உரிமையாவது பாதிக்கப்படுமான்னும் அவர் பார்ப்பார்.

ஒரு வருஷமும் போச்சுன்னா? முதல்ல இருந்து புதுசா விண்ணப்பம், புது நம்பர், புதுத் தேதி, புது கியூ! பழைய பதிவோட சீனியாரிட்டி அவ்வளவுதான்.

எங்க தேதி 14 ஜூலை 2024. நாங்க மேடம் முன்னாடி உட்கார்ந்திருந்தது 2025 மே கடைசி வாரம். ஆறு மாச வாசல் ஜனவரியிலேயே மூடிருச்சு. கைவசம் இருந்தது ஒன்றரை மாசம்.

நடுவில் மாட்டினவன் கதி

"சரி மேடம், அந்த டூப்ளிகேட் பாக்கெட்காரன் மேல கேஸ் போடலாமா?" பெரியப்பாவுக்கு அதுதான் தலைபோற விஷயம்.

மேடம் தலையை இடவலமா ஆட்டினாங்க. பதிவு உயிரோட இருந்தா, 'இது என் பதிவுபெற்ற டிரேட்மார்க், இவர் மீறிட்டார்'னு நேரா போகலாம். சர்டிபிகேட்டே பாதி வேலையைப் பார்த்துடும். பதிவு இல்லாதவருக்கு அந்த ரூட் கிடையாது. அவருக்கு இருக்கிறது இன்னொரு வழி. 'இத்தனை வருஷமா நான் இந்தப் பேர்ல விற்கிறேன், ஜனங்க என்னை நம்பறாங்க, இவர் தன் சரக்கை என் சரக்குன்னு நம்பவெச்சு விற்கிறார், எனக்கு நஷ்டம்'னு ஒவ்வொண்ணையும் ஆதாரத்தோட நிரூபிக்கணும். முடியாதுன்னு இல்லை. ஆனா பில் புக், விளம்பரம், சாட்சின்னு மலையை முதுகுல தூக்கணும்.

ஒரு ஆறுதலும் சொன்னாங்க. புதுப்பிக்காததால் நீக்கப்பட்ட பேரை, நீக்கின நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு, பதிவேட்டில் இன்னும் இருக்கிற மாதிரியே பாவிச்சுத்தான் மத்தவங்க விண்ணப்பத்தைப் பரிசீலிக்கணுமாம். அதாவது, உங்க பேர் கீழே விழுந்த அடுத்த நிமிஷமே வேறொருத்தர் சுலபமா பொறுக்கிட்டுப் போயிட முடியாது. ஆனா அந்தப் பேரை ரெண்டு வருஷமா நீங்க உண்மையிலேயே பயன்படுத்தாமல் விட்டிருந்தா இந்தக் குடை கிடையாது.

நல்லவேளை, அப்பத்தா பேர்ல பொடி ஒரு நாள்கூட நிக்கலை. கொரோனா லாக்டவுன்லகூட!

ஃபீஸ் கட்டினா மட்டும் பாஸ் ஆகிட முடியுமா?

எக்ஸாம் ஃபீஸ் கட்டிட்டுக் காலேஜ் பக்கமே வரலைன்னா என்ன ஆகும்? அட்டெண்டன்ஸ்ல தூக்கிடுவாங்க இல்லையா? டிரேட்மார்க்குக்கும் அட்டெண்டன்ஸ் உண்டு. கரெக்டா புதுப்பிச்சுட்டு, அந்தப் பேரில் தொடர்ந்து அஞ்சு வருஷத்துக்கும் மேல எதுவுமே விற்காமல் சும்மா வெச்சிருந்தா, பாதிக்கப்பட்ட யாராவது 'பயன்படுத்தாத பேர், நீக்குங்க'ன்னு மனு போடலாம். பேரைப் பிடிச்சுவெச்சு யாரையும் விடாம உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதுதான் ஐடியா. ஹாஸ்டல் மெஸ்ல கர்ச்சீஃப் போட்டு சீட் பிடிக்கிற பார்ட்டிகள் கவனிக்க!

அதே சமயம், மெடிக்கல் சர்டிபிகேட் மாதிரி விதிவிலக்கும் இருக்கு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹார்டி கம்பெனிக்கும் சென்னை அடிசன்ஸ் பெயின்ட் கம்பெனிக்கும் 'ஸ்பார்ட்டன்' என்ற பெயின்ட் பேருக்காக நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹார்டி இந்தியாவில் அந்தப் பேரைப் பயன்படுத்தலையே என்பது வாதம். அந்தக் காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் போன்ற விசேஷ சூழ்நிலையால்தான் பயன்படுத்த முடியாமல் போனது, கைவிடும் எண்ணத்தால் இல்லை என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் ஹார்டிக்குச் சாதகமாகச் சொன்னது.

பயன்படுத்தினா மட்டும் பத்தாது, ஆதாரமும் கையில் இருக்கணும். மெக்டொனால்ட்ஸைவிடப் பெரிய கம்பெனி வேணுமா? அயர்லாந்தின் சூப்பர்மேக்ஸ் என்ற உணவகக் கம்பெனி, ஐரோப்பாவில் 'பிக் மேக்' பேரை எதிர்த்து வழக்குப் போட்டது. 2024 ஜூன் 5-ம் தேதி ஐரோப்பிய யூனியனின் பொது நீதிமன்றம், சிக்கன் சாண்ட்விச்சுக்கு அந்தப் பேரை மெக்டொனால்ட்ஸ் அஞ்சு வருஷம் தொடர்ச்சியாக உண்மையில் பயன்படுத்தியதை நிரூபிக்கலைன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. போஸ்டர், விளம்பரம், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் காட்டினாங்க. எவ்வளவு வித்தது, என்ன விலைக்கு வித்தது என்பதற்கான ஆதாரம் போதலை. மாட்டிறைச்சி பர்கருக்கு மட்டும் பேர் தப்பிச்சது. உலகமே சாப்பிடுற பர்கருக்கே இந்தக் கதின்னா, எங்க பொடி எம்மாத்திரம்! அதிலிருந்து கடையில் வருஷத்துக்கு ஒரு ஃபைல். ஒரு பாக்கெட் கவர், பத்து பில், நோட்டீஸ், விளம்பரம் எல்லாம் தேதியோட உள்ளே போகுது. இன்சார்ஜ் யாரு? அடியேன்தான்.

அடுத்தது, காவல். யாராவது காப்பியடிக்கிறது தெரிஞ்சும் தொடர்ந்து அஞ்சு வருஷம் கண்டும் காணாம இருந்துட்டு, அந்த ஆளும் தன் பேரைப் பதிவு செஞ்சிருந்தா, அப்புறம் 'அய்யோ என் பேரு'ன்னு தடுக்கப் போக முடியாது (அவர் கெட்ட எண்ணத்தோட பதிவு செஞ்சிருந்தா வேற கதை). டிரேட்மார்க் ஜர்னல் வாரம் ஒரு தடவை இணையத்தில் வெளியாகும். புதுசா வர்ற பேர்களை அதில் பார்க்கலாம். நம்ம பேர் மாதிரி ஏதாவது வந்தா நாலு மாசத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சினிமா விமர்சனம் படிக்கிற நேரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கினா போதும்.

ரொம்ப ஃபேமஸ் ஆனாலும் ஆபத்து!

"ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன்"னு தினமும் எத்தனை தடவை சொல்றோம்? ஜெராக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பேர். நாம எடுக்கிறது போட்டோகாப்பி. 'எங்க பேரை வினைச்சொல்லா பயன்படுத்தாதீங்க ப்ளீஸ்'னு அந்தக் கம்பெனி விளம்பரமே கொடுத்தது. ஏன்னா, ஒரு பேர் அந்தப் பொருளோட பொதுப் பேரா மாறிட்டா அது யாருக்கும் சொந்தமில்லாமல் போயிடலாம்.

ஷாப்பிங் மால்ல ஏறி இறங்கறோமே, 'எஸ்கலேட்டர்', அது ஒரு காலத்துல ஓட்டிஸ் கம்பெனியின் டிரேட்மார்க். அந்தக் கம்பெனியே தன் விளம்பரங்களில் அதை ஒரு சாதாரணப் பெயர்ச்சொல் மாதிரி பயன்படுத்தினது வினையாகி, 1950-ல் அமெரிக்காவில் அந்த உரிமை ரத்தாச்சு. 'ஆஸ்பிரின்' பேரை பேயர் கம்பெனி 1921-ல் அமெரிக்காவில் இழந்ததும் இதே கதைதான்.

இன்னொரு பக்கம் பாருங்க. இங்கிலாந்தில் டிரேட்மார்க் பதிவு தொடங்கின 1876 ஜனவரி 1-ம் தேதி நம்பர் 1-ஆக பதிவானது, பாஸ் என்ற மதுபானக் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். நூத்தம்பது வருஷமா யாரோ ஒருத்தர் மறக்காம புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிறதால அந்த நம்பர் 1 இன்னும் உயிரோட இருக்கு.

இதைத்தான் எங்க எலக்டிவ் மேடம் கிளாஸ்ல சொன்னாங்க, நான்தான் தூங்கிட்டேன். பேடன்ட்டுக்கு ஆயுள் இருபது வருஷம். நம்ம நாட்டில் ஒரு புத்தகத்தோட காப்பிரைட்டுக்கு எழுதினவர் காலத்துக்குப் பிறகு அறுபது வருஷம். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பா இருந்தாலும் ஒரு நாள் எல்லாருக்கும் பொதுவாகிடும். டிரேட்மார்க்குக்கு அப்படி எல்லைக்கோடு கிடையாது. பராமரிக்கிற வரைக்கும் வாழும். பராமரிக்காட்டி, பத்தே வருஷத்துல போயிடும்.

ஹாஸ்டல் ரூம் அம்பானிகளுக்கு...

'நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்?'னு பக்கத்தைப் புரட்டப் போறீங்களா? நில்லுங்க. நம்ம காலேஜிலேயே கல்ச்சுரல்ஸ்க்கு டி-ஷர்ட் அடிக்கிற குரூப் இருக்கு, வீட்டு மாடியில் கேக் செஞ்சு விற்கிற தோழி இருக்கா, புராஜெக்ட்டையே ஸ்டார்ட்-அப் ஆக்கின சீனியர்ஸ் இருக்காங்க. உங்களுக்காகத்தான் இந்த லிஸ்ட்.

* புதுசா பதிவு செய்ய, தனிநபருக்கும் ஸ்டார்ட்-அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான். மத்தவங்களுக்கு 9,000. ஆனா புதுப்பிக்கும்போது இந்தச் சலுகை இல்லை. எல்லாருக்கும் 9,000. இப்பவே உண்டியல்ல போட்டுவைங்க.

* யார் பேர்ல பதிவு? நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்சு, ஒருத்தன் பேர்ல மட்டும் பதிவு பண்ணி, அவன் பிளேஸ்மென்ட் ஆகி பெங்களூரு போயிட்டா, பேரும் பஸ் ஏறிடும். உரிமை கை மாறினாலும், முகவரி மாறினாலும் டி.எம்.-பி படிவம் போட்டு பதிவேட்டில் திருத்திடுங்க. குடும்ப பிசினஸ்ல தாத்தா பேரிலேயே கிடக்கிற பதிவுக்கும் இதே கதிதான்.

* பதிவான லோகோ ஒண்ணு, பாக்கெட்ல இருக்கிற லோகோ வேறன்னு இருக்கக் கூடாது. சின்ன டிங்கரிங் ஓகே. அடையாளமே மாறிட்டா புது விண்ணப்பம்தான்.

* சர்டிபிகேட் வர்றதுக்கு முன்னாடி 'டி.எம்.'னு போட்டுக்கலாம். வட்டத்துக்குள்ள 'ஆர்' போடுறது பதிவானதுக்கு அப்புறம்தான். பதிவாகாம போட்டா சட்டப்படி தப்பு.

* ஏஜென்ட், வக்கீல், லெட்டர் எதையும் மட்டும் நம்பி இருக்காதீங்க. விண்ணப்பத் தேதியோட பத்தைக் கூட்டுங்க. அதிலிருந்து ஒரு வருஷம் கழிங்க. அந்தத் தேதியில் மொபைல்ல அலாரம். வீட்ல ரெண்டு பேர் மொபைல்ல!

முடிஞ்சுதா கதை?

ஜூன் இரண்டாவது வாரம் மனு போட்டோம். முகவரி மாற்றத்துக்கும் சேர்த்து. பெரியப்பா 18,000 ரூபாயை எண்ணிக் குடுக்கும்போது, "ஒன்பதாயிரம் என் மறதிக்கு"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒவ்வொரு நாளும் காலையில, "பாப்பா, அந்தப் பக்கத்துல ஏதாவது தெரியுதா?"ன்னு போன். என் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை!

ஒரு நாள் தேதி மாறியிருந்தது. 14 ஜூலை 2034.

நான் சொன்னதும் பெரியப்பா ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "உங்க அப்பத்தா பேரு. நானே தொலைச்சிருப்பேன்"னார். அவர் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதே இல்லை.

டூப்ளிகேட் பாக்கெட்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு. அந்தச் சண்டை இன்னும் முடியலை. ஆனா இப்ப கையில ஆயுதம் இருக்கு.

போன வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். முருகனுக்கு மாலை வழக்கம்போல. சர்டிபிகேட்டுக்கும் மாலை உண்டு, ஆனா ஃப்ரேமோட மேல் விளிம்புல சின்னதா, ஒரே ஒரு முழம். கீழே அந்தப் பொடி எழுத்து வரி பளிச்சுன்னு தெரியுது. அதுக்குப் பக்கத்துல பாக்கெட் ஒட்டுற ஸ்டிக்கர்ல பெரியப்பா கையெழுத்துல எழுதி ஒட்டியிருக்கார்: '2033 ஜூலை. மறக்காதே.'

உங்க வீட்ல, கடையில, ஃப்ரெண்ட் ரூம்ல ஏதாவது ஃப்ரேம் தொங்குதா மக்களே? இந்த வாரம் ஒரு தடவை கழட்டிப் படிச்சுடுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். டாட்டா!